இரவில் விறைக்கும் விரல்கள்: மணிக்கட்டு நரம்பைக் காட்டித்தரும் கேளா ஒலி

தாயகத்தை விட்டுப் புறப்பட்ட எம்மவர்களிற் பெரும்பாலானோர் கையோடு கொண்டுவந்த முதல், அந்தக் கைகள் இரண்டுமே ஆகும். படித்த படிப்புக்கும் பார்த்த உத்தியோகத்துக்கும் வந்த நாட்டில் மதிப்பில்லாமற் போனபோது கைகொடுத்தவையும் அவையே. உணவகங்களின் பின்கட்டிலே பாத்திரம் கழுவியும், விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும், குளிர்ந்த தொழிற்சாலைகளிலே மீன் வெட்டியும், தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருந்தும் ஏஜென்சிக்காரனின் கடனை அடைத்தவை அந்தக் கைகள். தங்கைமாரைக் கரைசேர்த்தவை அந்தக் கைகள். இன்று அந்தக் கைகள் பல, நள்ளிரவிலே விறைத்து எரிந்து, உறங்குகின்றவரைத் தட்டி எழுப்புகின்றன.

எழுந்தவர் கட்டிலின் ஓரத்தில் இருந்து கையை உதறுகிறார். சிறிது நேரத்தில் விறைப்புத் தணிகிறது. மீண்டும் படுக்கிறார். காலையில் வேலைக்குப் போனால், "அது வாதம் அண்ணை, தைலம் போடுங்கோ" என்கிறார் ஒருவர். "இந்த நாட்டுக் குளிர்தான் அக்கா" என்கிறார் இன்னொருவர். இப்படியே மாதங்கள் ஓடுகின்றன. சிலருக்கு ஆண்டுகளும் ஓடிவிடுகின்றன. பிறகு ஒருநாள் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடிவதில்லை. தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவுகிறது. பெருவிரலின் அடியிலே இருந்த சதை வற்றிக் குழிவிழுந்திருப்பது அப்போதுதான் கண்ணிற் படுகிறது. அந்தக் கட்டத்தில் வைத்தியர் செய்யக்கூடியது குறைந்துவிடுகிறது. வேளைக்கே சென்றிருந்தால் பெரும்பாலும் எளிதாகத் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு நோய் அது.

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இதனைக் கார்ப்பல் ரனல் சின்ட்ரோம் என்பர். பிரான்சில் சான்ட்ரோம் டு கனால் கார்ப்பியன் என்றும், ஜேர்மனியில் கார்ப்பால்ருனல் சின்ட்ரோம் என்றும் வைத்தியர்கள் எழுதுகின்றனர். தமிழில் மணிக்கட்டுக் குகை நோய் எனலாம். இந்நோயைக் கண்டறிவதிலும், இப்போது அதற்குச் சிகிச்சை செய்வதிலும், கர்ப்பிணித் தாய்மார் நன்கறிந்த அல்ட்ராசவுண்ட் எனும் கேளா ஒலிக் கருவி பெருந்துணையாகி வருகின்றது. அதுபற்றி எமது வாசகர்கள் அறிந்திருப்பது பயன்தரும் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

குகையும் அதற்குள்ளே பத்துப் பேரும்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சுத்தமிழில் நாம் இரத்தக்குழாயையும் நரம்பு என்போம். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணையும் நரம்பு என்போம். உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் இழையையும் நரம்பு என்றே சொல்வோம். வைத்தியருக்கு இவை மூன்றும் வேறுவேறு. இக்கட்டுரையில் நரம்பு என்பது மூன்றாவதை மட்டுமே குறிக்கும்.

மணிக்கட்டிலே எட்டுச் சிற்றெலும்புகள் பிறை வடிவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அப்பிறையின் இரு முனைகளையும் இணைத்து, உள்ளங்கைப் பக்கமாகத் தடித்த நார்ப்பட்டி ஒன்று கூரைபோல மூடியுள்ளது. எலும்பினாலான தளத்துக்கும் இக்கூரைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையே அந்தக் குகை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் நரம்பு எனப்படும் நடுநரம்பு ஒன்றும் இப்பாதையூடாகவே கைக்குட் செல்கின்றன. தசைநாண்கள் உறுதியானவை, நெரிசலைத் தாங்கும். நரம்போ மென்மையானது. குகைக்குள் வீக்கமோ நீர்த்தேக்கமோ உண்டாகும்போது முதலில் நசிவது நரம்புதான்.

அந்த நெரிசலை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் கெல்பர்மன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும், குகைக்குள் நுண்குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தனர். மணிக்கட்டு நேராக இருக்கையில், நோயற்றவருக்குச் சராசரியாக 2.5 மில்லிமீற்றர் இரசமாக இருந்த அழுத்தம், நோயாளருக்கு 32 ஆக இருந்தது. மணிக்கட்டை முழுதாக மடக்கியபோது நோயாளருக்கு அது 94 வரை ஏறியது. உறக்கத்திலே எம்மையறியாமல் நாம் கையை மடக்கித் தலைக்குக் கீழ் வைத்துக்கொள்கிறோம். இந்நோய் இரவிலே அதிகமாக வருத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நடுநரம்பு பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும், மோதிரவிரலின் பெருவிரற் பக்கத்துப் பாதிக்கும் உணர்ச்சி தருகின்றது. சிறுவிரலுக்கு வேறொரு நரம்பு செல்கின்றது. எனவே, சிறுவிரல் தப்பி மற்றைய விரல்கள் விறைக்குமாயின் மணிக்கட்டை ஐயுற வேண்டும். சிறுவிரலே முதன்மையாக விறைக்குமாயின் காரணம் பெரும்பாலும் முழங்கையில் இருக்கும். கழுத்திலிருந்து கை முழுவதும் வலி இறங்குமாயின் கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டியிருக்கும். இரு பாதங்களும் விறைக்குமாயின் நீரிழிவை நினைக்க வேண்டும். ஆனால், ஒரு பக்கத்துக் கை திடீரென விறைத்து, வாய் கோணி, பேச்சுக் குழறுமாயின் அது பாரிசவாதமாக இருக்கலாம். தாமதமின்றி அவசர மருத்துவ வண்டியை அழைக்க வேண்டும்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நடுத்தர வயதில் மிகுதியாகக் காணப்படுகிறது. நீரிழிவு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன், கர்ப்பகாலத்து நீர்த்தேக்கம், முன்பு மணிக்கட்டு முறிந்தமை என்பன இதற்கு வழிசெய்யும். கர்ப்பகாலத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்தின் பின் தணிந்துவிடும். இவற்றோடு, பலத்தைப் பாவித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் கைவேலையும், அதிரும் இயந்திரங்களைப் பிடித்துச் செய்யும் வேலையும் சேரும்போது ஆபத்துக் கூடுகின்றது. எம் சமூகத்தில் நீரிழிவும் மிகுதி. இத்தகைய வேலைகளும் மிகுதி. இரண்டும் ஒருவரிடத்தே சேர்வது அரிதன்று.

நோய் அறியப்பட்ட வரலாறு

1854இல் இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பஜற், மணிக்கட்டு முறிந்த ஒருவரின் நடுநரம்பு நசிந்ததைப் பதிவுசெய்தார். 1880இல் பொஸ்ரன் நகர வைத்தியர் ஜேம்ஸ் ஜக்சன் புட்னம், இரவிலே கைவிறைப்பால் விழித்தெழும் 37 நோயாளரைப் பற்றி எழுதினார்; ஆனால் நெரிசல் எங்கே என்பதை அவர் அறியவில்லை. 1913இல் பாரிஸ் நகரில் பியர் மரியும் சார்ள்ஸ் புவாவும், பெருவிரற் சதை வற்றி இறந்த முதியவர் ஒருவரின் கையைப் பிரேத பரிசோதனையில் ஆராய்ந்தனர். நார்ப்பட்டிக்குச் சற்று மேலே நரம்பு முடிச்சுப்போல வீங்கியும், பட்டிக்குக் கீழே மெலிந்தும் இருந்தது. பட்டியை வெட்டிவிட்டிருந்தால் கை தப்பியிருக்கும் என்ற கருத்தை அவர்கள் அன்றே முன்வைத்தனர். 1947இல் இலண்டனில் பிறெயின், றைற், வில்கின்சன் ஆகியோர் சத்திரசிகிச்சையால் குணம்பெற்ற ஆறு நோயாளரைப் பற்றி எழுதினர். 1950களில் அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் பேலன் இந்நோயை மருத்துவ உலகெங்கும் அறியச்செய்தார்.

பேலனின் பெயரால் வழங்கும் பரிசோதனை இன்றும் வைத்தியரின் அறையிலே நடைபெறுகின்றது. மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வர். விரல்கள் விறைத்தால் ஐயம் வலுக்கும். மணிக்கட்டின் மேலே விரலால் தட்டி, விரல் நுனிவரை மின்னல்போல் ஓடுகிறதா எனவும் கேட்பர். இது ரினெல் பரிசோதனை. அடுத்தபடியாக, நரம்பின் ஊடே சிறு மின்தூண்டலைச் செலுத்தி, அது கடக்கும் வேகத்தை அளப்பர். மணிக்கட்டிலே வேகம் குறைந்தால் நெரிசல் அங்கேதான். பல பத்தாண்டுகளாக இம்மின்பரிசோதனையே முதன்மையாக இருந்து வருகின்றது. நரம்பு எவ்வளவு பழுதுபட்டுள்ளது என்பதை அது நன்கு சொல்லும். ஆனால் ஏன் நசிகிறது என்பதை அது சொல்லாது. சிலருக்கு நோய் இருந்தும் மின்பரிசோதனை சரியாகவே வருவதுண்டு. மின்தூண்டலின் சுளீரென்ற குத்துக்கு அஞ்சி, இரண்டாந்தடவை போகாமல் விடுபவர்களும் உளர்.

கேளா ஒலி காட்டுவது என்ன?

மனிதரின் செவி, செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கவல்லது. அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் பிரான்சில் பியர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். அதேபோல் அப்பளிங்குக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலியெழுப்பும். வைத்தியர் எமது உடலில் வைத்து நகர்த்தும் சிறு கருவிக்குள் இருப்பது இத்தகைய பொருளே. அது அனுப்பும் ஒலி உடலின் உட்பகுதிகளிற் பட்டு எதிரொலித்துத் திரும்புகிறது. அவ்வெதிரொலியைக் கணினி படமாக்குகிறது. 1958இல் கிளாஸ்கோ நகர வைத்தியர் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் கருவிலுள்ள சிசுவை இவ்வாறு படம்பிடித்து வெளியிட்ட பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது.

வயிற்றைப் பார்க்கும்போது செக்கனுக்குச் சில பத்து இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி போதும். அது ஆழத்துக்குச் செல்லும், ஆனால் நுணுக்கம் குறைவு. மணிக்கட்டு நரம்போ தோலுக்குக் கீழே மிகக் குறைந்த ஆழத்தில் உள்ளது. எனவே செக்கனுக்கு ஒன்றரைக் கோடி அளவிலான அதிர்வுகளைப் பயன்படுத்தலாம். அத்தகைய ஒலி ஆழத்துக்குச் செல்லாது. ஆனால் மில்லிமீற்றரின் சிறு பங்கையும் பிரித்துக் காட்டும். இத்தகைய கருவிகள் பரவத் தொடங்கிய காலத்தில், 1991, 1992 ஆகிய ஆண்டுகளில், ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகர வைத்தியர் புக்பேர்கரும் அவருடைய குழுவினரும் மணிக்கட்டுக் குகையைப் படம்பிடித்து ஆய்வுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டவை மூன்று: குகையின் வாயிலில் நரம்பு வீங்கியிருக்கிறது, குகைக்குள் அது தட்டையாகிறது, கூரையான நார்ப்பட்டி வெளிப்புறமாக வளைகிறது. 1913இல் பாரிஸில் இறந்தவரின் கையை அறுத்துப் பார்த்துக் கண்ட வீக்கத்தை, எண்பது ஆண்டுகளின் பின் உயிரோடிருப்பவரின் கையில் ஒரு கீறலுமின்றிக் காண முடிந்தது.

பரிசோதனை எவ்வாறு நடைபெறும் என்பதை அறிந்தால் அச்சம் நீங்கும். நோயாளர் கையை நீட்டி உள்ளங்கை மேல்நோக்க வைத்திருப்பார். களி போன்ற ஒன்றைப் பூசி, கருவியை மெதுவாக வைத்து நகர்த்துவர். வலியில்லை, ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். திரையிலே நரம்பு தேன்கூட்டின் குறுக்குவெட்டுப் போலத் தோன்றும். விரல்களை ஆட்டச் சொல்வர். அப்போது தசைநாண்கள் முன்னும் பின்னும் ஓடும், நரம்போ அவ்வளவாக அசையாது. இதைக்கொண்டே எது நரம்பு, எது தசைநாண் எனப் பிரித்தறிவர்.

பின்னர் நரம்பின் எல்லையைச் சுற்றிக் கோடு வரைந்து அதன் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிடுவர். குகையின் வாயிலில் இது சாதாரணமாகப் பத்துச் சதுர மில்லிமீற்றருக்குள் இருக்கும். அதனைத் தாண்டுமாயின் நோயென ஐயுறுவர். ஆனால் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இந்த எல்லைக்கோடு சற்று வேறுபடும். ஆளுக்கு ஆள் உடலமைப்பும் வேறுபடும். ஆகவே சில வைத்தியர்கள் அதே நரம்பை முன்கையிலும் அளந்து, மணிக்கட்டில் அது எத்தனை மடங்கு பருத்திருக்கிறது என ஒப்பிடுகின்றனர்.

இதன் பெரும்பயன் இன்னொன்று. நரம்பு ஏன் நசிகிறது என்பதை இது பலவேளைகளிற் காட்டித்தரும். தசைநாணைச் சுற்றிய உறையின் வீக்கம், நீர்க்கட்டி, குகைக்குள் நீண்டுவந்த தசை, பிறப்பிலேயே இரண்டாகப் பிரிந்த நரம்பு, சிசுப் பருவத்தோடு மறையாமல் நிலைத்துவிட்ட இரத்தக்குழாய் என்பன திரையிலே தெரியும். கத்தி வைக்குமுன் இவற்றை அறிந்திருப்பது சத்திரசிகிச்சை வைத்தியருக்குப் பேருதவி. 2012இல் நரம்புத்தசை, மின்னோய் மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டி, இப்பரப்பளவை அளப்பது நோயறிதற்குரிய துல்லியமான முறையென ஏற்றுக்கொண்டது.

அதற்காக, அல்ட்ராசவுண்ட் எடுக்காவிடின் வைத்தியம் சரியில்லை என நாம் எண்ணிவிடலாகாது. அறிகுறிகள் தெளிவாக உள்ள ஒருவருக்கு வினாக்களும் கைப்பரிசோதனையுமே போதும், மின்பரிசோதனையோ அல்ட்ராசவுண்டோ வழமையாகத் தேவையில்லை என 2024இல் அமெரிக்க எலும்பியல் சத்திரசிகிச்சையாளர் கழகத்தின் வழிகாட்டி கூறுகின்றது. சிலருக்கு நோய் இருந்தும் பரப்பளவு சாதாரணமாக இருக்கலாம். படம் எடுப்பவரின் பயிற்சியிலும் பெரிதும் தங்கியுள்ளது. ஐயம் உள்ளபோதும், முந்திய சிகிச்சை பலனளிக்காதபோதும், வேறு காரணம் ஒளிந்திருக்கலாம் எனத் தோன்றும்போதும் இது தன் பயனை முழுமையாகத் தருகின்றது.

சிகிச்சையிலும் துணை

ஆரம்ப நிலையில், மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவிலே கட்டிக்கொள்வது முதல் வழி. மடக்கும்போது அழுத்தம் ஏறுகிறது என மேலே கண்டோம். மடங்காமற் காப்பதே பட்டையின் வேலை. அது செலவு குறைந்தது, தீங்கற்றது. ஓரிரு இரவோடு கைவிடாமல் சில வாரங்களாவது கட்ட வேண்டும்.

அடுத்தது ஸ்ரெரோயிட் ஊசி. 2018இல் பிரித்தானியாவில் 234 நோயாளரைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு வெளியானது. ஆறு வாரங்களில் ஊசி பெற்றவர்கள், இரவுப்பட்டை கட்டியவர்களைவிட நலமடைந்திருந்தனர். ஆறு மாதங்களில் இருசாராருக்கும் வேறுபாடில்லை. 2013இல் வெளியான சுவீடன் ஆய்வில், ஊசி போட்டவர்களுக்குப் பத்து வாரங்களில் நல்ல பலன் தெரிந்தது. ஆயினும் ஓராண்டுக்குள், 80 மில்லிகிராம் பெற்றவர்களிலும் நூற்றுக்கு 73 பேர் சத்திரசிகிச்சைக்குச் சென்றனர்; வெற்று ஊசி பெற்றவர்களில் 92 பேர் சென்றனர். ஊசி துன்பத்தைத் தணிக்கும், காலத்தைத் தரும். என்றென்றைக்குமான தீர்வு எனச் சொல்வதற்கில்லை என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

ஊசியைக் கண்மட்டத்தில் போடும்போது அது நரம்பிலேயே குத்திவிடும் அபாயம் சிறிதளவு உண்டு. அல்ட்ராசவுண்டின் துணையோடு போடும்போது, ஊசி தோலிலிருந்து நரம்பின் அருகுவரை செல்வதை வைத்தியர் திரையிலே பார்த்துக்கொண்டே செலுத்துகின்றார். நரம்பைச் சுற்றித் திரவத்தைப் பாய்ச்சி, ஒட்டிக்கொண்டுள்ள இழையங்களிலிருந்து அதனை விடுவிக்கும் முறையும் வந்துள்ளது. தாய்வானில் 5 வீத குளுக்கோஸ் நீரை இவ்வாறு செலுத்திய ஆய்வொன்று 2017இல் நற்பலன் காட்டியது. இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டியுள்ளன. எம்மவர்கள் இரண்டைக் கவனத்திற் கொள்ள வேண்டும். ஸ்ரெரோயிட் ஊசிக்குப் பின் நீரிழிவுக்காரருக்குச் சில நாட்கள் சீனி ஏறலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப்போவதும் உண்டு. எமது நிறத்தில் அது துலக்கமாகத் தெரியும். இரண்டையும் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிவது நன்று.

பெருவிரற் சதை வற்றத் தொடங்கினாலோ, விறைப்பு இரவு பகலாக நிலைத்துவிட்டாலோ சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. செய்வது ஒன்றே: கூரையான நார்ப்பட்டியை வெட்டிக் குகையை விரித்துவிடுதல். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச்செய்து, உள்ளங்கையில் சில சென்ரிமீற்றர் கீறி, சொற்ப நேரத்தில் முடித்துவிடுவர்; அன்றே வீடு திரும்பலாம். "நரம்பை வெட்டப் போகிறார்கள்" என எம்மவரிடையே ஓர் அச்சம் உண்டு. வெட்டுவது நரம்பையன்று, நரம்பை நசிக்கும் பட்டியையே. இரவுத் துன்பம் பலருக்கு விரைவில் நீங்கிவிடும். பிடியின் வலு திரும்பச் சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை செல்லும். வற்றிய சதை மட்டும் முழுதாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

1997இல் ஜப்பானிய வைத்தியர்களான நக்கமிச்சியும் தச்சிபானாவும், அல்ட்ராசவுண்டின் துணையோடு இப்பட்டியை வெட்டிய முறையை வெளியிட்டனர். அதன் பின்னர் நுண்ணிய கத்திகளும் கொளுக்கிகளும் உருவாகி, இன்று சில இடங்களில் அரைச் சென்ரிமீற்றரிலும் குறைந்த துவாரத்தினூடாகவே இது செய்யப்படுகின்றது. நரம்பும், பெருவிரலுக்குச் செல்லும் அதன் கிளையும், இரத்தக்குழாயும் எங்கே உள்ளன என்பதைத் திரையிலே பார்த்தவாறே வைத்தியர் கத்தியை நகர்த்துகின்றார். காயம் சிறிது, கை விரைவில் வேலைக்குத் திரும்புகிறது. நீண்டகாலப் பயனில் வழமையான சத்திரசிகிச்சைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. இது எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பதில்லை. சிறப்பான பயிற்சி வேண்டும். இதற்காகக் காத்திருந்து நரம்பைப் பழுதாக்கிவிடுவது அறிவுடைமையாகாது.

வைத்தியரிடம் எவ்வாறு சொல்வது?

நோயைவிட மொழியே எம்மவர் பலருக்குப் பெருந்தடையாக உள்ளது. "கை விறைக்குது" என்கிறோம். விறைப்பு என்ற சொல்லுக்கு உணர்ச்சி மரத்தல் என்றும் பொருள்; மடங்காமல் இறுகுதல் என்றும் பொருள். மொழிபெயர்ப்பவர் இரண்டாவதைச் சொல்லிவிட்டால், வைத்தியர் மூட்டு நோயென எண்ணி எக்ஸ்ரே எடுக்க அனுப்புவார். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு நோயாளர் திரும்புவார். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் குடும்பங்களில் இவ்வாறு நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி. அதற்காகப் பிள்ளையைக் குறைசொல்ல முடியுமா?

எனவே சொல்லவேண்டியதைத் தாளில் குறித்துக்கொள்வோம். எந்தெந்த விரல்கள்? சிறுவிரல் உண்டா, இல்லையா? இரவா, பகலா? உதறினால் குறைகிறதா? பொருட்கள் கைநழுவுகின்றனவா? எத்தனை மாதமாக? நீரிழிவோ தைரொயிட் நோயோ உண்டா? செய்யும் வேலை என்ன, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம்? வெளிறிய தாளில் கையின் உருவத்தை வரைந்து, விறைக்கும் பகுதியைத் தீட்டிக் கொடுத்தால் மொழியே தேவையில்லை. வைத்தியர்களே இத்தகைய படத்தைப் பயன்படுத்துகின்றனர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வேலையால் வந்ததாயின் உரிமையும் உண்டு

பிரான்சில் தொழில்சார் நோய்களின் 57ஆம் அட்டவணையில் இந்நோய் இடம்பெற்றுள்ளது. மணிக்கட்டை மீண்டும் மீண்டும் நிமிர்த்தும் வேலை, இறுகப் பற்றும் வேலை, உள்ளங்கையின் அடியை அழுத்தி ஊன்றும் வேலை என்பன அங்கே குறிக்கப்பட்டுள்ளன. அவ்வேலையிலிருந்து விலகி 30 நாட்களுக்குள் நோய் கண்டறியப்பட வேண்டும். வைத்தியர் சான்றிதழ் தருவார். ஆனால் நோய்க்காப்புறுதி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியவர் நோயாளரே. ஜேர்மனியில் 2015ஆம் ஆண்டு முதல் 2113ஆம் இலக்கத் தொழில்நோயாக இது ஏற்கப்பட்டுள்ளது. தொழில்நோயென ஐயுறும் வைத்தியர் அதனை அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். பிரித்தானியாவில், அதிரும் கருவிகளோடு வேலைசெய்தோரும், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல் மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தி வேலைசெய்தோரும், குறித்த நிபந்தனைகளின் கீழ் உதவித்தொகை கோரலாம். சுயதொழில் செய்வோருக்கு அது இல்லை.

நாம் செய்யும் வேலை இன்னதென வைத்தியரின் கோப்பிலே எழுதப்படாவிடின் இந்த உரிமைகள் தாளிலேயே நின்றுவிடும். முதலாளி கோபிப்பார் என்றும், வேலை போய்விடும் என்றும் அஞ்சி, "வேலையால் வந்ததல்ல" எனத் தாமாகவே சொல்லிவிடுவோரும் எம்மிடையே உளர். அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. வதிவிட அனுமதி வேலையோடு கட்டப்பட்டிருக்கும்போது அது நியாயமான அச்சமே. ஆயினும் கை போனபின் வேலையும் நிலைக்காது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது. முடிவெடுக்குமுன், தொழிற்சங்கத்தையோ சட்ட ஆலோசனை நிலையத்தையோ நாடி நிலைமையைக் கேட்டறிவது பயன்தரும்.

புகலிட விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்போரும் இதனை அறிய வேண்டும். பிரித்தானியாவில் அவர்களுக்கு அரச வைத்தியம் இலவசமே. ஜேர்மனியில் ஆரம்ப காலத்தில் சட்டம் உறுதிசெய்வது கடும் நோய்க்கும் வலிக்குமான வைத்தியத்தை; ஆகவே இரவிலே எழுப்பும் வலியை வலியென்றே தெளிவாகச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொண்டு "பரவாயில்லை" என்று சொல்வது எமது பண்பாக இருக்கலாம். வைத்தியரின் முன் அது எமக்கே கேடாகின்றது.

போரினாலும் அலைச்சலினாலும் பறிபோனவற்றை எண்ணினால் முடிவில்லை. எஞ்சிய கைகளையாவது நாம் காத்துக்கொள்ள வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இரவிலே விறைத்து, அது சில வாரங்களாகத் தொடருமாயின், தைலப் போத்தலை ஒருபுறம் வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்வோம். வீட்டிலே கையை உதறிக்கொண்டிருக்கும் தாயையோ தந்தையையோ அழைத்துச் செல்வோம். நரம்பு நசிவதை வேளைக்கே கண்டறியும் வழி இன்று உண்டு. நசிந்த நரம்பு மடிந்துபோகுமுன் அவ்வழியைப் பயன்படுத்திக்கொள்வதே தக்கதாகும்.